மாடிப்படி விளக்கும் திருச்சி வானொலியும்

ஒரு ரேடியோவைச் சரிசெய்யப் போய், கடைசியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி பல்புகளை எல்லாம் மாற்றிய கதை இது. நடந்தது 2018இல். அப்போது ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு நண்பர் இதே மாதிரி பிரச்சனையோடு வந்தார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவிடலாம்னு தோணுச்சு.

நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம். கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மொத்தம் 12 வீடுகள். அந்த வருஷம்தான் என் மாமனார் ஊரைவிட்டு எங்களோடு வந்து தங்கினார். லால்குடிப் பக்கத்து விவசாயி. க்ளாக்கோமாவில் இரண்டு கண்ணும் கிட்டத்தட்டப் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கையோடு அவர் கொண்டுவந்த பொருள்களில் முக்கியமானது ஒரு ரேடியோ. தினமும் சாயங்காலம் திருச்சி வானொலி கேட்டாகணும், 936 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு எதற்குத் திருச்சி என்று கேட்கலாம். திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை அந்த நிலையத்தின் விவசாய நிகழ்ச்சிகள் தஞ்சை வட்டாரம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பேர் வந்தது. மாமா அதை விதைத்த குடும்பத்துப் பையன். அவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை, ஊர்.

சென்னைக்கும் திருச்சிக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். பகலில் அந்த அலைவரிசை மெலிதாகத்தான் கேட்கும். இருட்டினால் மத்திய அலைகள் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், அப்போது கொஞ்சம் தெளிவு கூடும். ஆக, மாமாவுக்கு நல்ல நேரம் சாயங்காலம் ஆறுக்கு மேல். சிக்கலும் அங்கேதான் இருந்தது. சரியாக ஆறு மணிக்கு ரேடியோவில் ஒரு "ர்ர்ர்ர்" கிளம்பும். விடியற்காலை ஆறு வரை அடங்காது.

"மாப்ள, ரேடியோவுக்குள்ள வண்டு பூந்துருச்சு போல, கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் குறை சொல்லி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை.

நான் முதலில் செய்த தப்பு, ரேடியோவைச் சந்தேகப்பட்டது. பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் பகலில் போட்டுப் பார்த்தார், நன்றாகப் பாடியது. திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அடாப்டரைக் கழற்றி பேட்டரி செல் போட்டேன். இரைச்சலில் ஒரு பங்கு குறைந்தது. அடாப்டரும் ஒரு ஸ்விட்ச்சிங் சப்ளைதானே, அது தன் பங்குக்குக் கத்தியிருக்கிறது. ஆனால் பெரிய இரைச்சல் அப்படியே இருந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு மெயினையே இறக்கிவிட்டு, இருட்டில் பேட்டரியில் ரேடியோவை வைத்துக் கேட்டோம். அப்போதும் அதே சத்தம். அப்படின்னா சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

ஆறு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிகிற விஷயம் ஒரு குடியிருப்பில் என்ன இருக்கும்? மாடிப்படி விளக்கு டைமர். நாலு மாதம் முன்புதான் அசோசியேஷனில் பழைய ட்யூப்லைட்டுகளை எடுத்துவிட்டு, படிக்கட்டில் ஏழு எல்.இ.டி. பல்பும் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நாலு எல்.இ.டி. பட்டனும் போட்டிருந்தார்கள். மீட்டர் பாக்ஸுக்குப் போய், செக்ரட்டரி அனுமதியோடு, பொது விளக்கு எம்.சி.பி.யை ஒரு நிமிஷம் இறக்கினேன். மேலே வீட்டிலிருந்து மனைவி போனில் சொன்னாள்: "அப்பா சிரிக்கிறாருங்க. திருச்சி வந்துடுச்சாம்."

இனி, ஒரு பல்பு எப்படி ரேடியோவைக் கெடுக்கிறது என்று பார்க்கலாம்.

பழைய ட்யூப்லைட்டின் ஸ்டார்ட்டரை யாராவது உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயசில் நாங்கள் உடைப்போம். அந்த அலுமினியக் குப்பிக்குள் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, கண்ணாடிக் குமிழ். அதுதான் ஸ்டார்ட்டர் வேலையைச் செய்வது. இன்னொன்று, அதற்குக் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டரின் முக்கிய வேலையே ரேடியோவில் வரும் கரகரப்பைக் குறைப்பது. அது இல்லாவிட்டாலும் ட்யூப் எரியும். வீட்டுக்கு வீடு மத்திய அலை ரேடியோ பாடிய காலத்தில், விளக்கு செய்கிறவன் பக்கத்து அறை ரேடியோவையும் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

எல்.இ.டி. பல்புக்கு வருவோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். எல்.இ.டி.க்கு வேண்டியது நிதானமான நேர்மின்னோட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு டிரைவர் சர்க்யூட். முதலில் நாலு டயோடு சேர்ந்து மாறுமின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர், மின்னோட்டத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி, ஒரு சுருள் வழியாக எல்.இ.டி.க்கு அனுப்பும். இப்படி வெட்டுவதால்தான் டிரைவர் சின்னதாகவும் சூடாகாமலும் இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எதையும் சட்டென்று வெட்டினால் அந்த ஒரு அதிர்வெண் மட்டும் பிறக்காது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று வரிசையாகப் பிறக்கும். வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தூரம் அந்த வரிசை நீளும்.

ரேடியோ முள்ளை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். இரைச்சல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 650 பக்கம் ஒரு மேடு, 720 பக்கம் ஒன்று, 790, 865, அப்புறம் 936க்கு ரொம்பப் பக்கத்தில் ஒன்று. இடைவெளி சுமார் 72 கிலோஹெர்ட்ஸ். 72ஐப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 936! அதே 72இன் பத்து மடங்கு 720, சென்னையின் முதல் அலைவரிசை. அங்கேயும் இரைச்சல் இருந்தது, ஆனால் சென்னை நிலையம் பக்கத்திலேயே பலமாக ஒலிபரப்புவதால் அதை முழுங்கிவிட்டது. தூரத்திலிருந்து மெலிதாக வரும் திருச்சிதான் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு பல்பும் கொஞ்சம் வேறு வேகத்தில் வெட்டுவதால் மேடுகள் அகலமாக இருந்தன. "ர்ர்ர்" என்ற அந்தத் தடித்த ஒலிக்குக் காரணம், 50 ஹெர்ட்ஸை ஒரே திசைக்குத் திருப்பும்போது வரும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் அந்த இரைச்சலின் மேல் ஏறி உட்காருவது.

ஒரு பல்பைக் கழற்றி, மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். போர்டில் உள்ளே வரும் வழியில் ஒரு சுருளுக்கும் ஒரு கெப்பாசிட்டருக்கும் இடம் அச்சடித்து வைத்திருந்தார்கள். சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. டிசைன் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, விலை போட்டவர் எடுத்துவிட்டிருக்கிறார். அந்த இரண்டு பொருளும் சேர்ந்து சில ரூபாய்தான் வரும். நூறு ரூபாய்க்குக் கீழே விற்கிற பல்பில் அதுவும் பெரிய பணம்னு நினைச்சிருப்பாங்க போல.

இதைக் கண்டுபிடித்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. முதல் மாடிப் படிக்கட்டில் பல்புக்கு நேர் கீழே நின்றால் இரைச்சல் பலமாக இருந்தது, சரி. ஆனால் பல்பிலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி, வெறும் சுவர்ப் பக்கம் ரேடியோவைக் கொண்டுபோனாலும் அதே பலம். சில இடத்தில் பல்புக்குக் கீழே இருந்ததைவிட அதிகம். சுவரை ஒட்டி ரேடியோவை நகர்த்திக்கொண்டே போனேன். இரைச்சல் ஒரு கோடு மாதிரி மேலே போனது. அந்தக் கோடு, சுவருக்குள் பதித்த ஒயர் போகும் வழி.

இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கத்துவது பல்பு, ஆனால் அதன் சத்தத்தைக் கட்டிடம் முழுக்கக் கொண்டுபோகும் ஒலிபெருக்கி, ஒயர். பல்பு ஒரு கையளவுப் பொருள். அப்படிச் சின்ன மூலத்திலிருந்து கிளம்பும் காந்தப்புலம், பக்கத்தில் இருக்கும்வரை, தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப்போனால் எட்டில் ஒரு பங்கு. நீளமான ஒயரிலிருந்து கிளம்புவது அப்படி இல்லை. இரண்டு மடங்கு தள்ளிப்போனால் பாதியாகத்தான் குறையும். 936 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 320 மீட்டர். அந்த அளவில் பார்த்தால் எங்கள் கட்டிடமே ஒரு பொட்டு. மொட்டைமாடி வரை போகும் அந்த ஒயருக்கு 12 வீடுகளும் கைக்கெட்டும் தூரம்தான்.

ஒயரில் ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பி இருக்கிறதே, ஒன்றில் போவது மற்றதில் திரும்பி வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கிணற்று உருளையில் கயிறு மாதிரி: ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும், கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. இரண்டு கம்பியும் ஒட்டிப் போகும்வரை அந்த வகை ஓட்டத்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் இரண்டாவது வகை ஒன்று உண்டு. இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும், கயிறு இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்குகிற மாதிரி. திரும்பி வரும் வழி கம்பியில் இல்லை. பல்புக்கும் சுவருக்கும் பூமிக்கும் இடையே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கெப்பாசிட்டன்ஸ் வழியாக அது திரும்புகிறது. அடித்துக்கொள்ள எதிர்த்திசை ஓட்டம் பக்கத்தில் இல்லாததால், முழு ஒயரும் ஏரியலாகிவிடும். இது மிகச் சிறிய ஓட்டம்தான், ஆனால் ரேடியோவுக்கு அது போதும்.

நம் ஊர் வயரிங்கில் இன்னொரு கோளாறும் உண்டு. படிக்கட்டில் ஃபேஸ் ஒரு பைப்பிலும் நியூட்ரல் வேறொரு பைப்பிலும் போயிருக்கும். பழைய கட்டிடங்களில் இது சகஜம். அப்போது முதல் வகை ஓட்டம்கூட ஒரு பெரிய வளையமாகி வீசும். எங்கள் கட்டிடத்தில் கடைசி மாடிக்கு அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

இவ்வளவு படித்த பிறகும் என் முதல் இரண்டு வைத்தியம் தோற்றது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய், ஒயர்மேல் கவ்வுகிற ஃபெரைட் மணிகள் ஒரு டஜன் வாங்கி வந்தேன். லேப்டாப் ஒயரில் உருண்டையாக ஒன்று இருக்குமே, அது. ஒவ்வொரு ஹோல்டருக்கு மேலேயும் ஒன்று மாட்டினேன். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்த மணிகள் பெரும்பாலும் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்யச் செய்தவை. நம் பிரச்சனை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே. ஒயர் ஒரே ஒரு தடவை நுழைந்துபோனால் அங்கே சில பத்து ஓம் தடை கிடைத்தாலே பெரிது. சுற்றுகளைக் கூட்டினால் தடை சுற்றின் இருமடிக்கு ஏறும், பத்துச் சுற்றுக்கு நூறு மடங்கு. ஆனால் வீட்டு ஒயரை அந்தக் குட்டி மணிக்குள் பத்துச் சுற்று சுற்ற இடமேது?

இரண்டாவது, ஒரு நல்ல லைன் ஃபில்டர் வாங்கி, கீழே டைமருக்குப் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் தம்பியை வைத்துப் போட்டேன். எல்லா விளக்குக்கும் ஒரே இடத்தில் வைத்தியம், செலவும் ஒன்றுதான் என்று கணக்கு. அதுவும் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டு மீட்டர் பக்கம் போகும் இரைச்சலை அது தடுத்திருக்கலாம். ஆனால் ஃபில்டருக்கும் பல்புக்கும் நடுவே அந்த ஏரியல் முழுசாக இருக்கிறதே! சாக்கடை வழியெல்லாம் நாறிய பிறகு ஆற்று முகத்தில் மூடி போட்ட கதை. ஃபில்டர் வைத்தால் விளக்கின் கழுத்தில் வைக்க வேண்டும். ஒரு சாண் ஒயர்கூட அதிகம்.

ஆக மிச்சம் இருந்தது ஒரே வழி. பல்பையே மாற்றுவது. அதற்கு அசோசியேஷன் சம்மதிக்கணும்.

கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. "சார், நாலு மாசம் முன்னாடி போட்ட பல்பு. ஒரு ரேடியோவுக்காக மாத்தணுமா? மொபைல்ல ஆப் இருக்கே, அதுல கேக்கச் சொல்லுங்க." கேட்டவர் கெட்டவர் இல்லை. கண் தெரியாத 78 வயசுக்காரருக்கு, வழுக்கும் கண்ணாடித் திரையில் ஒரு ஆப்பைத் திறப்பது என்றால் என்ன என்று அவர் யோசித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். மாமாவின் ரேடியோவில் இரண்டு குமிழ். ஒன்றைத் திருகினால் டக் என்று உயிர் வரும், இன்னொன்றை எங்கே நிறுத்தணும் என்று விரலுக்குத் தெரியும். இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமல் அவர் செய்கிற ஒரு சில காரியங்களில் அதுவும் ஒன்று. இதைச் சொன்னேன். சொன்னதைவிட, ரேடியோவை எடுத்துக்கொண்டு எல்லோரையும் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனதுதான் வேலை செய்தது. பேச்சில் நம்பாதவர்கள், சுவரில் கோடு போட்ட மாதிரி இரைச்சல் மேலே போவதைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார்கள். இரண்டாம் மாடிப் பாட்டி "எங்க வீட்லயும் இந்த கொர்ர் இருக்கு, நான் ரேடியோ கெட்டுப்போச்சுன்னு பரண்ல போட்டுட்டேன்" என்றார். பழைய பல்புகளை நான் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். செக்ரட்டரி ஒத்துக்கொண்டார்.

"ஐ.எஸ்.ஐ. இருக்குற பல்புதானே சார், அப்புறம் எப்படி?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்.இ.டி. பல்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் கட்டாயப் பதிவு உண்டு, ஐ.எஸ். 16102இன் முதல் பகுதியின்படி. ஆனால் அந்தப் பகுதி பேசுவது பாதுகாப்பைப் பற்றி: ஷாக் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது. ரேடியோ இரைச்சல் அதன் பாடத்தில் இல்லை. இரைச்சலுக்கு உலக அளவில் இருப்பது சிஸ்பர் 15 என்ற தரம். விளக்குச் சாதனங்களுக்கென்றே எழுதியது. அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை, மெயின் ஒயரில் திருப்பி அனுப்பும் இரைச்சலுக்கு அது வைக்கும் பொதுவான வரம்பு 56 டெசிபல் மைக்ரோவோல்ட், அதாவது சுமார் 0.63 மில்லிவோல்ட். அதற்குள் அடங்க வேண்டும் என்றால் உள்ளே ஏதாவது ஒரு ஃபில்டர் போட்டுத்தான் ஆகணும். ஒன்று கவனியுங்கள், சோதனை ஒரு பல்புக்குத்தான். ஏழு பல்பு ஒரே ஒயரில் தொங்கினால் தோராயமாக எட்டரை டெசிபல் கூடும். ஒவ்வொன்றும் பாஸ் ஆனாலும் மொத்தம் வரம்பைத் தாண்டலாம்.

கடையில் எந்தப் பெட்டியிலும் இரைச்சல் அளவு போட்டிருக்கவில்லை. அதனால் ஐந்து கம்பெனிகளின் 9 வாட் பல்பு ஒவ்வொன்று வாங்கிவந்தேன். பகலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒவ்வொன்றாக எரியவிட்டு, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்த ரேடியோவோடு பின்னால் நடந்தேன். எத்தனை தூரத்தில் இரைச்சல் காணாமல் போகிறது? இது விஞ்ஞான அளவீடு இல்லை, ஒப்பிட மட்டும். ஒன்று அறையின் மறுகோடி வரை துரத்தியது. இரண்டு, ஒன்றரை மீட்டருக்குள் அடங்கின. ஒன்று ஒரு கை நீளத்தில் அடங்கியது. ஐந்தாவது, இருந்ததிலேயே மலிவானது, ரேடியோவை ஒட்டி வைத்தாலும் சத்தமே இல்லை!

அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெட்டுகிற சர்க்யூட்டே கிடையாது. எல்.இ.டி. இருக்கும் அலுமினியத் தட்டிலேயே ஒரு சின்ன ஐ.சி. ஒட்டியிருந்தது. நிறைய எல்.இ.டி.களை வரிசையாகக் கோத்து, மிஞ்சும் வோல்டேஜை அந்த ஐ.சி. சூடாக்கித் தீர்த்துவிடுகிறது. வெட்டு இல்லை, அதனால் இரைச்சலும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. மொபைல் கேமராவில் பார்த்தால் வெளிச்சம் கோடு கோடாக நடுங்கும். வோல்டேஜ் இறங்கினால் மங்கும். அதன் கீழே உட்கார்ந்து படிக்கச் சொன்னால் நான் மாட்டேன். படிக்கட்டுக்கு அது போதும். ஏழும் அதையே போட்டோம். விலை கூடினால் இரைச்சல் குறையும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், இந்தப் பல்பு அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த நாலு பட்டன் விளக்கில் இரண்டு மட்டும் கத்தின. அவற்றை மாற்றக் காசு கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆகவே, விளக்கின் வாயிலேயே ஃபில்டர். பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் மெயின் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு வளையத்தில் இரண்டு தனித்தனிச் சுருள் இருக்கும். ஒரே திசை ஓட்டத்தைத் தடுக்கவே செய்தது அது. அதைக் கழற்றிக்கொண்டேன். மஞ்சளும் வெள்ளையுமாக அதே பெட்டிக்குள் இன்னொரு வளையம் இருக்கும், அது இரும்புத் தூள், இந்த வேலைக்கு ஆகாது. ஒரு மில்லிஹென்றி சோக் என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு 0.3 ஓம் தடைதான், விளக்குக்கு அது இருப்பதே தெரியாது. 936 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப்படி கிட்டத்தட்ட 5,900 ஓம். நிஜத்தில் சுருளின் கெப்பாசிட்டன்ஸ் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இருந்தாலும் போதும். அதோடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாராட் கெப்பாசிட்டர் ஒன்று. இது முதல் வகை ஓட்டத்துக்கு. 936 கிலோஹெர்ட்ஸில் அதன் தடை 2 ஓம்கூட இல்லை, இரைச்சல் ஒயருக்குப் போகாமல் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கெப்பாசிட்டர் எக்ஸ்-2 என்று அச்சடித்த வகையாக இருக்கணும். கெட்டால் தீப்பிடிக்காமல் கெடும்படி செய்தது அது. கையில் கிடைத்த 400 வோல்ட் சாதாக் கெப்பாசிட்டரை மெயினுக்குக் குறுக்கே போடாதீர்கள். எர்த்துக்குப் போடும் ஒய் வகைக் கெப்பாசிட்டர்களை நான் தொடவில்லை. அந்த விளக்குப் புள்ளிகளுக்கு எர்த் ஒயரே வரவில்லை, போட்டால் போய்ச்சேர இடமில்லை. எர்த் இருந்தாலும் யோசிக்கணும், 2.2 நானோஃபாராட் ஒன்று சுமார் 0.16 மில்லிஆம்பியர் எர்த்துக்குக் கசியவிடும். விளக்கு விளக்காகக் கூட்டிக்கொண்டே போனால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் பொறுமையைத் தின்னும். எல்லாவற்றையும் ஒரு மூடிய பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் வைத்து, எம்.சி.பி.யை இறக்கி, எலக்ட்ரீஷியன் தம்பிதான் இணைத்தான். பொது இடத்து வயரிங்கில் நானே கை வைப்பதில்லை என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அன்றைக்கு ஆறு மணிக்கு டைமர் டக் என்றது. மாமா கையில் ரேடியோ. திருச்சி வந்தது. முழுத் தெளிவு என்று சொல்ல மாட்டேன். பின்னால் மெலிதாக ஒரு கரகரப்பு இருந்தது. ஆனால் பேசுகிறவர் சொல்வது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அந்த மிச்சக் கரகரப்பில் ஒரு பகுதி எங்கள் வீட்டு ஹால் ஃபேன் ரெகுலேட்டர். டிரையாக் வைத்த பழைய எலக்ட்ரானிக் வகை. அதுவும் மின்னோட்டத்தை வெட்டுகிற ஜாதிதான், நொடிக்கு நூறு தடவை, ஆனால் ரொம்பக் கூர்மையாக. கெப்பாசிட்டரால் படிப்படியாக வேகம் மாற்றும் ரெகுலேட்டராக மாற்றினேன், அது நின்றது. இன்னொரு பகுதி வாசலில் இருக்கும் தெருவிளக்கு. அதற்கு அசோசியேஷன் கூட்டம் போட முடியாது.

தெருவிளக்குக்கு மாமாவே வழி கண்டுபிடித்தார். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சி ஏரியலுக்கு ஒரு குணம். குச்சியின் முனை நீட்டிப் பார்க்கும் திசையிலிருந்து வருவது அதற்கு மிகக் குறைவாகக் கேட்கும். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜன்னல் திண்டில் ரேடியோவை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, தெருவிளக்கின் சத்தம் அடங்கித் திருச்சி மட்டும் நிற்கிற கோணத்தைப் பிடித்துவிட்டார். மறுநாள் என்னிடம் இன்சுலேஷன் டேப் கேட்டார். திண்டில் ரேடியோவின் ஒரு ஓரம் எங்கே வரணுமோ அங்கே ஒரு துண்டு ஒட்டிவைத்தார், தடவிப் பார்த்துச் சேர்த்து வைப்பதற்கு.

அசோசியேஷனிடமிருந்து பாதி விலைக்கு எடுத்த ஏழு பல்பில், நான் திறந்து பார்த்தது போக மிச்சம் ஆறும் இன்னும் பரணில் ஒரு பையில் இருக்கின்றன. நல்லாத்தான் எரியும். யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.